நாலாவது வாசல் எங்கே மச்சி?

எங்க ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தன், மாடல் எக்ஸாம் நேரத்துல மேல் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கேனல் பண்ணிக்கிட்டான். மெஸ் ஃபீஸுக்கு வீட்டுல கொடுத்த பணம் அதுலயே காலி. கேப்பும் போட்டாச்சு. ஆனா, மூணே மாசத்துல வலி திரும்ப வந்துடுச்சு. 'படிக்காம இருக்க சீன் போடுறான்'னு நாங்க கலாய்ச்சோம். இன்னொரு டாக்டர் பல்லைத் திறந்து பார்த்தப்பதான் மேட்டர் தெரிஞ்சது. மூணு கேனலைச் சுத்தம் பண்ணி அடைச்சிருக்காங்க. நாலாவது ஒண்ணு தொடாமலே இருந்திருக்கு!

அதென்ன நாலாவது? பல்லோட வேருக்குள்ள நரம்பும் ரத்தக்குழாயும் போற மெல்லிய பாதைதான் கேனல். மேல் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமா வேர் மூணு. அதனால கேனலும் மூணுன்னு கணக்குப் போட்டா அவுட். கன்னத்துப் பக்கம் இருக்கிற முன் வேருக்குள்ள பெரும்பாலும் ரெண்டு பாதை இருக்கும். ரெண்டாவதுக்குப் பேர் 'எம்.பி.2'. அதோட வாசல் ரொம்பச் சின்னது. பல்லோட உள்திசு, சன்ஷேடு மாதிரி நீட்டிக்கிட்டு அதை மறைச்சிடும்.

எக்ஸ்-ரேல தெரியாதா? இங்கதான் நம்ம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் டிராயிங் வருது. சாதாரண எக்ஸ்-ரே, வெறும் ஃப்ரன்ட் வியூ. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நிக்கிற ரெண்டு குழாயும் ஒரே கோடாத் தெரியும். கோணம் மாத்தி எடுக்கணும், இல்லேன்னா 'சி.பி.சி.டி.'ங்கிற முப்பரிமாண ஸ்கேன் பார்க்கணும்.

அமெரிக்காவின் வெர்டூச்சி, 2,400 பற்களுக்குச் சாயம் ஏத்தி, கண்ணாடி மாதிரி தெளிவாக்கிப் பார்த்து, 1984-ல் கேனல் அமைப்பை எட்டு வகையாப் பிரிச்சார். ஒண்ணாக் கிளம்பி ரெண்டாப் பிரியும். ரெண்டாக் கிளம்பி ஒண்ணாச் சேரும். நம்ம டவுன் பஸ் ரூட்டெல்லாம் தோத்துடும்! வேரோட அடி வாசல்கூட பல நேரம் நுனியில இல்லாம, கொஞ்சம் தள்ளி பக்கவாட்டுலதான் திறக்கும்.

அப்போ எப்படித் தேடுறது? 500 பற்களை ஆராய்ஞ்ச கிராஸ்னரும் ராங்கோவும் 2004-ல் வழி சொன்னாங்க. பல்லோட உள்ளறையில தரை, சுவரைவிடக் கருமையா இருக்கும். வாசல்கள் தரையும் சுவரும் சேர்ற இடத்துலதான் இருக்கும். மைக்ரோஸ்கோப் வெச்சுத் தேடினா இன்னும் ஈஸி.

அதனால பாஸ், ரூட் கேனலுக்கு அப்புறமும் வலி வந்தா மாத்திரை போட்டு ஓட்டாதீங்க. டாக்டர்கிட்ட போய், "எத்தனை கேனல் இருந்துச்சு சார்? இன்னொண்ணு இருக்க சான்ஸ் இருக்கா?"னு தைரியமாக் கேளுங்க.

நம்ம ஆளுக்கு மறுபடி சிகிச்சை நடந்து, இப்போ முறுக்கு கடிக்கிறான். கலாய்ச்ச பாவத்துக்கு, வாங்கித் தர்றது நாங்கதான்!