கொஞ்சம் பொறு, பார்க்கலாம்!

வானொலி நிலையத்தில் யாராவது புதுத் திறன்பேசி வாங்கி வந்தால், தேநீர் இடைவேளையில் அது எல்லார் கையிலும் ஒரு சுற்று வரும். என் கைக்கு வரும்போது மட்டும் ஒரு சிரிப்பும் கூடவே வரும். “இவங்க இதை வாங்க இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்” என்பார்கள். பொய்யில்லை. பேநவ் 2017 ஜூலையில் அறிமுகமானது. நான் அதில் சேர்ந்தது 2019ஆம் ஆண்டின் கடைசியில். இப்போது என் கையில் இருக்கும் திறன்பேசிக்கு வயது ஐந்து.

தொழில்நுட்பம் என்றால் எனக்குப் பயம் இல்லை. ஒலிப்பதிவுக் கருவிகளோடுதான் என் பிழைப்பே. ஆனால் என் பணத்தையும் குடும்பப் படங்களையும் ஒரு புதுப் பொருளிடம் ஒப்படைக்கும்போது, ‘கொஞ்சம் பொறு, பார்க்கலாம்’ என்று மனம் சொல்லிவிடும்.

பொறுப்பதில் லாபமும் உண்டு. 2016 ஆகஸ்டில் சாம்சுங் கேலக்சி நோட் 7 விற்பனைக்கு வந்தது நினைவிருக்கிறதா? மின்கலம் தீப்பிடித்ததால் செப்டம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். மாற்றிக் கொடுத்தவற்றிலும் அதே கோளாறு வர, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். இரண்டு மாதம் பொறுத்தவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஒரு பொருளின் குறைகளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் முதலில் வாங்குபவர்தான். அதற்குக் கூடுதல் விலை கொடுப்பவரும் அவர்தான்.

சில நேரம், தயங்குபவர்கள் கேட்கும் கேள்வி எல்லாருக்கும் உதவுகிறது. 2024 ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பெரியவர்கள் தங்கள் பழைய ஈஸி-லிங்க் அட்டையை சிம்ப்ளிகோவுக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் ஜூன் 1 முதல் பேருந்திலும் ரயிலிலும் அது செல்லாது என்றது. அம்மாவுக்கு அப்போது 57 வயது. மூத்தோர் சலுகை அட்டைக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் கேட்டது ஒரே கேள்வி.

“மிச்சம் எவ்வளவு இருக்குன்னு கேட்ல காட்டுமா?”

அப்போது அது காட்டவில்லை. பழைய முறையில் இருப்புத் தொகை அட்டையிலேயே பதிவாகிறது. சிம்ப்ளிகோவில் அது கணினியில் உள்ள கணக்கில் இருக்கிறது. அன்று அதைக் கேட்டில் பார்க்க முடியாது, செயலியில் பார்க்கலாம்.

“அப்ப எனக்குப் பழசே போதும்மா.”

அம்மாவைப் போலவே ஏராளமானோர் கேட்டார்கள். ஜனவரி 22ஆம் தேதி அந்த முடிவு மாற்றப்பட்டது. குறைந்தது 2030 வரை பழைய முறையும் தொடரும், அதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்று அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நண்பர்களிடம் அளந்துகொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமை சில மாதங்கள்தான் நீடித்தது.

அம்மாவின் கைப்பேசியில் வங்கிச் செயலி வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். மோசடிச் செய்திகளை வாரந்தோறும் வானொலியில் வாசித்து வாசித்து எனக்கே பயம் பிடித்திருந்தது. ஒரு சனிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பையன் அம்மாவின் வங்கி அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர், மின்சாரக் கட்டணத்தைப் புளோக்கின் கீழே இருக்கும் ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில் கட்டிவிட்டு வந்திருக்கிறான். ரகசிய எண்ணும் அவனுக்குத் தெரியும். மூன்று மாதமாக அப்படித்தானாம்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஏம்மா, யாராவது ரகசிய எண்ணைக் கொடுப்பாங்களா?”

“நல்ல பிள்ளைம்மா அவன். எனக்கு முட்டி வலி, கீழ இறங்க முடியல. நீ வர சனிக்கிழமை ஆகுது. செயலி வேணாம்னு நீதானே சொன்ன?”

பதில் இல்லை. பையன் நல்லவன்தான், ஒரு காசு குறையவில்லை. ஆனால் மோசடிக்காரர்களிடமிருந்து காப்பாற்றுவதாக நினைத்து, அம்மா ரகசிய எண்ணையே அடுத்தவரிடம் சொல்லும் நிலைக்கு நான்தான் தள்ளியிருந்தேன். பொறுமை என்னுடையது. அதற்கான விலையைக் கொடுத்தது அம்மா.

பழையது எப்போதும் பாதுகாப்பானது என்பதும் என் கற்பனைதான். குறுந்தகவலில் வரும் ஒருமுறை மறைச்சொல்லை மோசடிக்காரர்கள் பறிக்கக் கற்றுக்கொண்டதால், அதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக 2024 ஜூலையில் நாணய ஆணையமும் வங்கிகள் சங்கமும் அறிவித்தன. செயலியில் உள்ள மின்னிலக்க டோக்கனைப் பயன்படுத்துபவர்கள், கணக்கில் நுழைய அந்த மறைச்சொல் இனித் தேவையில்லை என்றன. நான் ‘பொறு’ என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் பூட்டு மாறிவிட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். முதலில் ரகசிய எண்ணை மாற்றினோம். பிறகு அதிகாரபூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டும் வங்கிச் செயலியை இறக்கினோம். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வைத்தோம். சேமிப்பின் பெரும்பகுதியை இணையம் வழி யாரும் எடுக்க முடியாதபடி பூட்டினோம். உள்ளூர் வங்கிகள் மூன்றும் 2023 நவம்பர் முதல் இந்த வசதியைத் தருகின்றன. ஸ்கேம்‌ஷீல்டு செயலியையும் போட்டோம். சந்தேகம் வந்தால் அழைக்க வேண்டிய 1799 என்ற எண்ணைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினோம். எல்லாம் முடிய இரண்டு மணி நேரமும் இரண்டு கோப்பை காப்பியும் ஆனது.

இப்போதும் நான் தாமதமாகத்தான் வாங்குகிறேன். ஆனால் மூன்று கேள்விகளை எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். இது என் வீட்டில் உண்மையிலேயே இருக்கும் ஒரு சிரமத்தைத் தீர்க்கிறதா? கோளாறு வந்தால் பழைய வழிக்குத் திரும்ப முடியுமா? நான் காத்திருக்கும்வரை அந்தச் சிரமத்தை யார் சுமக்கிறார்கள்? மூன்றாவது கேள்விக்கு வேறொருவர் பெயர் பதிலாக வந்தால், பொறுத்தது போதும் என்று அர்த்தம்.

அம்மா இன்றும் பழைய ஈஸி-லிங்க் அட்டையைத்தான் தட்டுகிறார். கேட்டில் மிச்சத் தொகையைப் பார்த்த பிறகே உள்ளே நடக்கிறார். ஆனால் ஈரச்சந்தையில் மீன்காரரிடம் பேநவ்தான். கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்து, பெயரைச் சரிபார்த்து, மூக்குக்கண்ணாடியைத் தூக்கித் தொகையை இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் அனுப்புவார். பின்னால் நிற்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.