பள்ளிப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிவிக்கும் சட்டக் கடமை (தமிழ்நாடு)

பள்ளிப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிவிக்கும் கடமை என்பது, மாணவர்களுக்குத் தீங்கு நேரும்போது அதனைப் பள்ளிக்கு வெளியே உள்ள உரிய அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டம் விதிக்கும் பொறுப்பாகும். தமிழ்நாட்டில் விபத்து, கட்டட இடிபாடு, பாலியல் குற்றம் என எல்லாவற்றையும் உள்ளடக்கிய ஒரே சட்டம் இல்லை. வெவ்வேறு சட்டங்களும் விதிகளும் இக்கடமையைப் பகிர்ந்து கொண்டுள்ளன. அவற்றுள் மிகத் தெளிவானதும், மீறினால் சிறைத்தண்டனை வரை செல்வதும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ) ஆகும். இது அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி ஆகிய அனைத்துக்கும் பொருந்தும்.

பின்னணி

தமிழ்நாட்டின் பள்ளிப் பாதுகாப்பு விதிகள் பலவும் பெரும் துயரங்களுக்குப் பின்னரே உருவாயின அல்லது கடுமையாக்கப்பட்டன. 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தனர். இதன் தொடர்ச்சியாக வந்த அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் பயில்வது கல்வி உரிமையின் ஒரு பகுதி என உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.

2012 சூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் இறந்தார். அதே ஆண்டில் பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகள் கொண்டுவரப்பட்டன. 2021 திசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தபின், மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வு செய்யப்பட்டன.

இவ்விதிகள் பெரும்பாலும் முன்கூட்டியே ஆய்வு செய்வதையும் சான்று பெறுவதையும் வலியுறுத்துகின்றன. நடந்த ஒன்றை வெளியே சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயத்தைப் போக்சோ சட்டமே நேரடியாக விதிக்கிறது.

சட்டப் பிரிவுகள்

2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டத்தின்படி, 18 வயதுக்கு உட்பட்ட அனைவரும் குழந்தைகளே.

- பிரிவு 19(1): குற்றம் நடந்ததை அறிந்தவரும், நடக்கக்கூடும் என அஞ்சுபவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவிக்க வேண்டும். குற்றத்தை மெய்ப்பிப்பது அவரது வேலை அன்று.
- பிரிவு 19(6): காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தகவல் அளிக்க வேண்டும்.
- பிரிவு 19(7): நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது.
- பிரிவு 21: தெரிவிக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தமக்குக் கீழ் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. குழந்தைகளுக்கு இப்பிரிவு பொருந்தாது.
- பிரிவு 24: வாக்குமூலம் பெறும் காவல் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.

பள்ளி விசாரணையும் காவல்துறைக்கான தகவலும்

பள்ளி நிர்வாகம் முதலில் தானே விசாரித்து, உண்மை எனத் தெரிந்த பின்னரே காவல்துறையை அணுகலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டம் அத்தகைய காத்திருப்புக்கு இடம் தரவில்லை. துறை நடவடிக்கையும் இடமாற்றமும் காவல்துறைக்குத் தர வேண்டிய தகவலுக்கு ஈடாகா.

மகாராட்டிரத்தில் பள்ளி விடுதி மாணவிகள் தொடர்பான வழக்கில், தகவல் தெரிவிக்காத மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2022 நவம்பர் 2 அன்று அம்முடிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம் எனக் கூறியது. 2024 ஆகத்தில் கிருட்டிணகிரி மாவட்டத்தில், போலித் தேசிய மாணவர் படை முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை மறைத்ததாகப் பள்ளி முதல்வர் உள்ளிட்ட நிர்வாகத்தினரும் கைது செய்யப்பட்டனர்.

மேச்சேரியில் நடைமுறை

சேலம் மாவட்டம் மேட்டூர் வட்டத்திலுள்ள மேச்சேரியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இங்குள்ள அரசுத் தொடக்க அல்லது நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், நிர்வாக முறைப்படி வட்டாரக் கல்வி அலுவலருக்குத் தகவல் தருவார். அது மாவட்டக் கல்வி அலுவலர் வழியாகச் சேலத்திலுள்ள முதன்மைக் கல்வி அலுவலரைச் சென்றடையும். ஆனால் போக்சோ சட்டத்தின் கீழ் வரும் நிகழ்வில் இத்தகவல் மட்டும் போதாது. மேச்சேரி காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிடமோ தெரிவித்தால்தான் கடமை நிறைவேறும். மேலதிகாரியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

மாணவரும் பெற்றோரும் பள்ளியின் வழியாகத்தான் செல்ல வேண்டும் என்பதில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியிலும் புகாரை எழுதிப் போடலாம்.

பிற நாடுகளுடன் ஒப்பீடு

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, பள்ளிகள் வன்முறை நிகழ்வுகளை வகைப்படுத்தி மாநிலக் கல்வித் துறைக்கு அறிக்கை அளிக்க வேண்டும். அது பள்ளிகளின் நிலையைக் கணக்கெடுக்கும் முறை. போக்சோ முறையோ ஒவ்வொரு நிகழ்வையும் தனிக் குற்ற வழக்காகக் கொண்டு, அறிந்தவர் ஒவ்வொருவர் மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது.

விமர்சனங்கள்

கட்டாய அறிவிப்பு, குழந்தையின் விருப்பத்தைக் கேட்காமலே வழக்கைத் தொடங்கிவிடுகிறது என்றும், வழக்குக்கு அஞ்சிச் சிறுமியர் மருத்துவ உதவியைத் தவிர்க்கக்கூடும் என்றும் விமர்சனம் உண்டு. இதைக் கருதி 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்குத் தரும் தகவலில் மருத்துவர் அவரது அடையாளத்தை வெளியிடத் தேவையில்லை என விளக்கியது. பள்ளிகளின் கடமையில் இதனால் மாற்றம் இல்லை.