டிக்கெட்டில் இரண்டே முக்கால். பறந்ததோ நாலேகால் மணி நேரம்! தாயைத் தவிக்க விட்ட துபாய் கணக்கு

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீடு. மகன் துபாய்க்கு வேலைக்குப் புறப்பட்டுவிட்டான். மதுரையில் பகல் 12 மணிக்கு விமானம். துபாய் சேரும் நேரம் 2.45 என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறது.

"ரெண்டே முக்கா மணி நேரந்தான். மூணு மணிக்கு போன் வந்துரும்" என்றார் அப்பா.

மணி மூன்று. போன் வரவில்லை. மூன்றரை... நாலு... ஊஹூம்!

"ஏங்க, பிளேனுக்கு ஏதும் ஆயிருச்சா?" அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

4.40-க்கு மணி அடித்தது. "இப்பத்தாம்மா வெளிய வந்தேன். இங்க மணி மூணு பத்து!"

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளில் இந்தத் தவிப்பு சகஜம். மதுரையிலிருந்து 2012-ல் கொழும்புக்கும், 2013-ல் துபாய்க்கும் விமானம் பறக்கத் தொடங்கியது. அன்று முதல் இந்தக் குழப்பமும் கூடவே வந்துவிட்டது!

யார் மேல் தப்பு?

விமானத்தின் மேல் தப்பில்லை. புறப்படும் நேரம் மதுரைக் கடிகாரப்படி. சேரும் நேரம் துபாய் கடிகாரப்படி. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். அங்கே 2.45 என்றால் இங்கே 4.15. ஆக, பயணம் நாலேகால் மணி நேரம்.

நூல் பிடித்து அளக்கலாம்

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 13 கிலோ மீட்டர். ரோட்டில் வளைந்து போனால் கூடும். ஆகாயத்தில் அவ்வளவு வளைவு கிடையாது.

பள்ளிக்கூடத்து உலக உருண்டையில் மதுரைக்கும் துபாய்க்கும் நூலை இழுத்துப் பிடியுங்கள். அதே நூலைப் பூமத்திய ரேகையில் வைத்தால் சுமார் 26½ டிகிரி வரும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. பெருக்கினால் சுமார் 2,950 கி.மீ. சுவரில் தொங்கும் தட்டைப் படத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள், ஏமாந்து போவீர்கள்!

ஜெட் விமானத்துக்கு மணிக்கு 800 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 மணி 41 நிமிடம் ஆகிறது. ஓடுபாதையில் ஊர்வதற்கும், ஏறி இறங்குவதற்கும் அரை மணி சேருங்கள். கணக்கு நேராகிவிட்டதா? எதிர்க்காற்று அடித்தால் கொஞ்சம் கூடும். பின்காற்று தள்ளினால் குறையும்.

சிங்கப்பூர் என்றால் தலைகீழ்!

சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ. ஏறக்குறைய அதே தூரம். நேரே பறந்தால் அதே நாலேகால் மணி நேரம்தான். ஆனால் சிங்கப்பூர் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 12 மணிக்குக் கிளம்பினால் டிக்கெட்டில் 6.45 என்று இருக்கும். ஆறே முக்கால் மணி நேரமா என்று மலைக்க வேண்டாம்!

மேற்கே போனால் டிக்கெட்டில் நேரம் சுருங்கும். கிழக்கே போனால் நீளும். இதை மனதில் வைத்தால் போதும்.

நள்ளிரவு உஷார்!

10-ந் தேதி 00.30 என்று டிக்கெட்டில் இருந்தால், 9-ந் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். "பத்தாந் தேதிதானே" என்று அன்று இரவு பெட்டியைத் தூக்கினால், விமானம் முந்தின ராத்திரியே பறந்திருக்கும். டிக்கெட் காசும் போச்சு, வேலைக்குச் சேரும் நாளும் போச்சு!

ஆகவே, மகனை வழியனுப்பும் முன் சேரும் நேரத்தை நம்ம ஊர் மணிக்கு மாற்றி ஒரு சீட்டில் எழுதி, வீட்டுக் காலண்டரில் குத்தி வையுங்கள். அதோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவரை அம்மா நிம்மதியாகச் சாப்பிடட்டும்!