சித்திரை வெயிலில் பச்சைக் காடு

பாகூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கும் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒரு வனத்தினூடே நடந்துவர ஆசைப்படுகிறவர்கள், அதற்காக முதுமலைக்கோ களக்காட்டுக்கோ பிரயாணம் செய்துதான் தீரவேண்டுமா என்பது ஒன்று. தாகத்தால் தவிக்கும் செடிகள் கதறி அழுவதாக விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று பத்திரிகைகளில் வந்ததே, அது மெய்யானால் காட்டில் நடப்பவர் காதில் அந்த அழுகுரல் விழுமா என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் இவ்விரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், அதுவும் பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பதால், சேர்த்தே எழுதுகிறேன்.

அழுகையை முதலில் பார்த்துவிடுவோம். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டெல் அவீவ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லிலாக் ஹதானியும் அவருடைய சகாக்களும் 'செல்' என்னும் விஞ்ஞான சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்ணீர் விடாமல் வாட்டிய தக்காளிச் செடிகளும் புகையிலைச் செடிகளும், தண்டை அறுத்த செடிகளும், 'சொடக், சொடக்' என்ற சிற்றொலிகளை அவ்வப்போது எழுப்புகின்றன, நீர் குடித்து நலமாக நிற்கும் செடிகளோ ஏறக்குறைய மௌனமாகவே இருக்கின்றன என்பதே அதன் சாரம். மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேட்கமாட்டாது. இவ்வொலிகளோ 40,000-க்கும் 80,000-க்கும் இடைப்பட்டவை. எனவே காட்டில் நடப்பவர் காதில் இது விழாது. அழுகை, கதறல், ஓலம் என்பவையெல்லாம் தலைப்பு எழுதியவர்கள் சேர்த்தவை. ஆராய்ச்சியாளர்கள் சொன்னது அதுவன்று. செடிக்குள் நீர் செல்லும் நுண்குழாய்களில் காற்றுக்குமிழி தோன்றுவதே பெரும்பாலும் இவ்வொலிக்குக் காரணமாக இருக்கவேண்டும் என்றே அவர்கள் நிதானமாக எழுதினார்கள். அந்தக் குமிழிதான் இக்கட்டுரையின் விஷயம். அழுகிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டால், அழுகையைவிடப் பன்மடங்கு ஆச்சரியமான ஒன்றைப் பாராமலே போய்விடுவோம்.

இனி, போகவேண்டிய இடம். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள், கீழ்புத்துப்பட்டு என்ற ஊர் வருகிறது. அங்கே மஞ்சனீசுவரர் அய்யனார் கோயிலைச் சூழ்ந்து ஒரு காடு நிற்கிறது. சித்திரை மாதத்தில், ஏரிகள் சுருங்கி, அறுவடையான வயல்கள் வெடித்து, வரப்போரத்து ஒதிய மரங்கள் ஓர் இலையுமின்றி எலும்பாக நிற்கும் அந்தக் கடும் கோடையில் அங்கே போகவேண்டும் என்பது என் வேண்டுகோள். சுடுமண் குதிரைகளைக் கடந்து உள்ளே நுழைந்தவுடன், வெளியே எரித்த வெயில் சட்டென்று தணிந்து, மேலே இலைக்கூரை ஒன்று, கரும்பச்சையாய், இடைவெளியின்றி விரிந்திருப்பதைக் காண்பீர்கள். காயா, வீரை, நாவல், கருங்காலி, பாலை ஆகிய மரங்களும், அவற்றின் அடியில் களா, காரை, சூரை முதலிய முட்புதர்களும், புதருக்கும் மரத்துக்கும் இடையே தொடையளவு பருத்து முறுக்கிக்கொண்டு ஏறும் கொடிகளும் நிறைந்த இக்காடு அப்படியொன்றும் உயரமானதன்று. பெரும்பாலான மரங்கள் முப்பது, நாற்பது அடியோடு நின்றுவிடுகின்றன. மலைநாட்டு மழைக்காட்டின் பிரம்மாண்டத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் மழைக்காட்டில் மரங்கள் பசுமையாக இருப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது? ஐந்து மாதம் மழை எட்டிப் பாராத சமவெளியில் பசுமையாக இருப்பதல்லவா அதிசயம்!

வகைப்படுத்துவதில் ஆர்வமுள்ளவர்களுக்காக ஒரு வார்த்தை: இந்திய வனங்களை 1936-இல் வகைப்படுத்திய சாம்பியன் என்ற ஆங்கிலேய வன அதிகாரியும், 1968-இல் அவருடன் சேர்ந்து அதைத் திருத்திய சேத்தும் இதற்கு உலர் பசுமைமாறாக் காடு என்று தனியிடம் கொடுத்தார்கள். 1955-இல் புதுச்சேரியில் தோன்றிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லெக்ரி, மெஹர்-ஹோம்ஜி முதலியோர் இதைப்பற்றி விரிவாக ஆராய்ந்தனர். சோழமண்டலக் கடற்கரையை ஒட்டிய குறுகிய நிலப்பகுதியிலும், கடல் கடந்து இலங்கையின் வடகிழக்கு உலர்பிரதேசத்திலுமே இவ்வகைக் காட்டைக் காணலாம். அங்குள்ள வன்னிக்காட்டுப் பாலைப்பழம் தின்று வளர்ந்தவர்களுக்குக் கீழ்புத்துப்பட்டு அந்நியமாகத் தோன்றாது. வரலாறு இவ்வளவு போதும்.

புதுச்சேரிப் பகுதியில் ஆண்டுக்குச் சராசரி 1,300 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அதில் பெரும்பகுதி கடலுக்குப் போயிற்று. அப்பால் தை முதல் வைகாசி வரையில் மண்ணின் துகள்கள் தம்மிடம் எஞ்சிய ஈரத்தை நாளுக்கு நாள் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மரம் அதனினும் வலுவாக இழுத்தாலன்றி ஒரு சொட்டும் கிடைக்காது. மரத்துக்கு இதயமில்லை, பம்பும் இல்லை. இலையிலிருந்து ஆவியாகும் நீர், தனக்குக் கீழேயுள்ள நீரை இழுக்க, அது தனக்குக் கீழுள்ளதை இழுக்க, இலை நுனியிலிருந்து வேரின் நுனிவரை அறுபடாத ஒரு நீர்ச்சரம் விறைப்பாக நிற்கிறது. 1894-இல் டிக்ஸன், ஜோலி என்ற இரு விஞ்ஞானிகள் டப்ளினில் இருந்துகொண்டு இந்தக் கருத்தைச் சொன்னபோது நம்பாதவர்களே அதிகம். திரவத்தைத் தள்ளலாம், கயிற்றைப்போல் இழுப்பதாவது எங்ஙனம் என்று கேட்டார்கள்.

பப்பாளி இலையின் காம்பை நறுக்கி, அதை வைத்து இளநீர் உறிஞ்சிய அனுபவம் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு உண்டு. அதையே கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். காயில் நீர் நிறைய இருக்கும்போது மெல்ல உறிஞ்சினாலே போதும். மழைக்காலத்து மரத்தின் நிலை அது. நீர் அடியில் தங்கிவிட்டது, வழுக்கைக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் கன்னம் குழிய இழுக்கவேண்டும். அது சித்திரை மாதத்து மரம். அப்படி இழுக்கும்போது இரண்டு விபத்துக்கள் நேரலாம். காம்பில் எங்கேனும் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால், அதன் வழியாகக் காற்று புகுந்து, 'சர்' என்று ஒரு சப்தத்தோடு நீர்ச்சரம் அறுந்துவிடும். அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வாயில் காற்றுதான் வரும். கீறலே இல்லாத காம்பாயின், இழுக்கிற வேகத்தில் அதன் சுவர்கள் உள்வாங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முற்றின காம்பு இதைத் தாங்கும், இளங்காம்பு தாங்காது என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். இனி, ஒரு காம்புக்குப் பதிலாக மயிரிழையினும் மெல்லிய பல்லாயிரம் காம்புகளை ஒரு கட்டாகக் கட்டி, அவற்றின் சுவர்களில் ஆங்காங்கே நீர்மட்டும் கசியும் சல்லடைக் கண்களை வைத்து, ஒன்றில் காற்று புகுந்தாலும் பக்கத்துக் காம்புக்குப் பரவாதபடி அமைத்துவிட்டால், அதுவே ஒரு கிளையின் குறுக்குவெட்டு.

மரம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அளந்து காட்டியவர் ஸ்காலண்டர் என்ற விஞ்ஞானி, 1965-இல். இலையொன்றைக் காம்போடு கொய்து, காம்பின் நுனிமட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி ஓர் இரும்புக் கலத்துக்குள் வைத்து மூடி, கலத்துக்குள் வாயுவின் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போவார். கொய்த மாத்திரத்தில் உள்ளே சுருண்டு போய்விட்ட நீர், குறிப்பிட்ட ஓர் அழுத்தத்தில் வெட்டுவாய்க்குத் திரும்பிவந்து ஒரு துளியாகப் பளபளக்கும். அந்த அழுத்தம் எவ்வளவோ அவ்வளவு பலத்தோடுதான் மரம் இழுத்துக்கொண்டிருந்தது. வறண்ட நிலத்துத் தாவரங்களில் அது வாயுமண்டல அழுத்தத்தைப்போல் 80 மடங்கு வரை இருக்கக் கண்டார்கள். உலகத்திலேயே உயரமான கலிபோர்னியா செம்மரத்தின் உச்சியில், தரையிலிருந்து முந்நூறு அடிக்கு மேலே, அளந்தபோது ஏறக்குறைய 20 மடங்குதான் இருந்தது. உயரத்துக்கு ஏற்றுவதைக் காட்டிலும் காய்ந்த மண்ணிடமிருந்து பிடுங்குவதே கடினம் என்பது இதிலிருந்து விளங்கும். முப்பதடி மரம்தானே என்று இக்காட்டை அலட்சியமாகப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை நினைவில் வைக்கவேண்டும்.

அந்தச் 'சர்' சப்தத்துக்கு வருகிறேன். டெல் அவீவ் கட்டுரைக்கு ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1966-இல், மில்பர்ன், ஜான்சன் என்ற இருவர் அதைக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, நம் கொல்லையில் தானே முளைக்கும் ஆமணக்கு. ஆமணக்கிலையைக் கொய்து, அதிர்வை உணரும் கருவியொன்றில் அதன் காம்பைப் பொருத்தி, இலையை வாடவிட்டபோது, ஒன்றன்பின் ஒன்றாகச் சொடக்கொலிகள் எழுந்தன. ஒவ்வொரு சொடக்கும் ஒரு நுண்குழாயின் முடிவு. வெட்டுவாயில் நீர் வைத்தவுடன் சொடக்குகள் நின்றுபோயின. இழுவிசை தளர்ந்தது, குமிழிகள் தோன்றுவது நின்றது. இதில் துக்கமும் இல்லை, செய்தி அனுப்புதலும் இல்லை, பௌதிகம் இருக்கிறது. எனக்கு அதுவே போதுமான அற்புதமாகப் படுகிறது.

குழாய் எவ்வளவு அகலமாக இருக்கவேண்டும் என்பதில்தான் மரங்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிகின்றன. ஆரம் இரட்டித்தால் நீரோட்டம் பதினாறு மடங்காகும். ஆகவே அகலக் குழாய் வைத்த மரம் மழைக்காலத்தில் மளமளவென்று வளரும். ஆனால் அகன்ற குழாயில் சல்லடைப் பரப்பும் அதிகம். அதில் ஏதேனும் ஒரு கண் சற்றுப் பெரிதாக இருந்துவிடக் கூடிய சாத்தியமும் அதிகம். அந்த ஒரு கண் போதும், காற்று உள்ளே வர. ஒதிய மரம் இந்தக் கட்சி. தை பிறந்ததும் இலைகளையெல்லாம் உதிர்த்து, இழுப்பதையே நிறுத்திவிட்டு, மறுமழைவரை காத்திருக்கிறது. ஒதி பெருத்தால் உத்தரமாகுமா என்று நம் முன்னோர் கேட்டதும் இதே மென்மையான கட்டையைப் பார்த்துத்தான். பாலையும் காயாவும் வீரையும் மறுகட்சி. குறுகிய குழாய்கள், அவற்றைச் சுற்றித் தடித்த சுவர்கள், ஆகவே கனத்த, நெருக்கமான கட்டை. உலக்கைக்கு ஏற்றது என்பதனால் பாலைக்கு உலக்கைப்பாலை என்றே ஒரு பெயர் உண்டு. நெல் குத்துகிறவளுக்கு உதவும் அந்தக் கனம், மரத்துக்கு உள்ளிழுப்பில் சுவர் நசுங்காமல் காக்கும் கவசம். விழுந்து கிடக்கும் வீரை இலையொன்றை எடுத்து மடித்துப் பாருங்கள். தோல்போல் தடித்து, வளைய மறுத்து, மடித்த இடத்தில் முறியும். அப்படியோர் இலையைச் செய்வதற்கு மரம் நிறையச் செலவிடவேண்டும். செலவிட்டதை மீட்க அந்த இலை பல மாதங்கள், வெயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாகவேனும், உழைத்தாகவேண்டும். அதனால் உதிர்ப்பதில்லை.

மெதுவாக வளர்வது இந்தக் கட்சியின் விதி. பத்தே ஆண்டுகளில் நூறாண்டுக் காட்டை உண்டாக்கித் தருவதாக மியாவாக்கி முறையின் பெயரால் விளம்பரம் செய்கிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதைத்தான்: பச்சை நிறத்தைப் பத்தாண்டில் உண்டாக்கலாம், பாலைமரத்தின் வைரத்தை எப்படி அவசரப்படுத்துவது? 1968-இல் ஆரோவில் தோன்றியபோது அந்தச் செம்மண் மேட்டில் மரமென்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. அங்கே நிழலுக்கு முதலில் வைத்தது விரைந்து வளரும் அயல்நாட்டு அகேசியாவை. அந்த நிழலில் காயாவும் வீரையும் கருங்காலியும் தலைதூக்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அங்குள்ள பிச்சாண்டிக்குளம் காட்டில் நடந்தால், அரை நூற்றாண்டு உழைப்பு எந்த அளவு வந்திருக்கிறது என்று பார்க்கலாம். பார்க்கத்தக்க உழைப்பு அது. காட்டில் நடந்தால் இன்ன வியாதி தீரும், இத்தனை நிமிஷத்தில் மனம் அடங்கும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப் போகிறவர்களும் இப்போது புறப்பட்டிருக்கிறார்கள். நடப்பது உடம்புக்கு நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவற்றுக்கு அந்த வாக்குறுதிகளின் அளவுக்கு ஆதாரம் இல்லை.

கீழ்புத்துப்பட்டில் காலை எட்டு மணிக்குள் நடந்து முடித்துவிடலாம். குச்சி ஒடிப்பதும் இலை பறிப்பதும் சாமிக்காட்டில் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. அது இருந்ததனாலேயே காடு இருக்கிறது. அதே நாளில் இன்னொரு காட்டையும் பார்த்துவிடும்படி பாகூர் வாசகருக்குச் சொல்வேன். வில்லியனூரிலிருந்து வடமேற்கே, திருக்கனூர்ப் பக்கமாகப் போனால் திருவக்கரை; வக்கிரகாளியம்மன் கோயிலால் எல்லாருக்கும் தெரிந்த ஊர். அங்கே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை 1940-இல் ஏற்படுத்திய கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் உருட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்த மரங்கள் அவை. வரும் வழியிலேயே கிளையும் வேரும் இழந்தவை. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த சிலிகா, கட்டையின் ஒவ்வோர் அணுவறையிலும் புகுந்து படிந்து, குழாய்களின் வடிவத்தை அப்படியே கல்லாக்கிவிட்டது. புதுச்சேரியைச் சூழ்ந்த இந்தக் கடலூர் மணற்பாறையில் கிடைக்கும் கல்மரங்களுள் குங்கிலியக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் உண்டு. அவற்றின் உறவினர்கள் இன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் மலேயாவிலும் வானளாவி நிற்கின்றன. அந்நாளில் இப்பிரதேசம் ஈரமிக்கதாக இருந்தது என்று நிபுணர்கள் சொல்வதற்கு இத்தகைய கட்டைகளே சாட்சி.

பூதக்கண்ணாடி ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். கல்லைப் பெயர்த்து எடுத்துவர அனுமதியில்லை. குனிந்து பார்க்கத் தடையில்லை. நன்றாகக் கல்லான ஒரு குறுக்குவெட்டில், ஊசியால் குத்தியதுபோன்ற துளைகள் புலப்படுமானால், அவை தாகமென்பதை அதிகம் அறியாத மரமொன்றின் அகன்ற நீர்க்குழாய்கள். காலையில் பார்த்துவந்த காயா மரத்தின் கட்டையில் அவை இருக்கும் இடத்தைக் காணவேண்டுமானால் மைக்ராஸ்கோப்பு வேண்டும்.