37 'டிராக் 01'களும் ஒரு குக்கர் விசிலும்

என் கம்ப்யூட்டரில் மொத்தம் 11,000 பாட்டுகள். தினம் எட்டு மணி நேரம் கேட்டாலும் முடிக்க நாலு மாசம் ஆகும். இருந்தும் வீட்டில் யாராவது ஒரு பாட்டுக் கேட்டால், என்னால் சட்டென்று எடுத்துத் தர முடியாது. பாதிக்கு மேல் பெயர் 'டிராக் 01', 'டிராக் 02'. இருப்பிடம்: 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் 2', 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு'.

2021 ஜூனில் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, மூச்சு முட்டியது. ஆபீஸில் பக்கத்து ஸீட் நண்பர், "டூப்ளிகேட்டை எல்லாம் தூக்கிடுங்க ஸார். அதுக்குன்னே ஸாஃப்ட்வேர் இருக்கு" என்றார். அன்று இரவே தூக்கினேன். 'பெயரை வைத்துத் தேடவா, உள்ளே இருப்பதை வைத்துத் தேடவா?' என்று அது மரியாதையாகத்தான் கேட்டது. பெயர் என்றேன். 'டிராக் 01' மட்டும் 37 இருந்தன. 'ஒன்றை வைத்துக்கொண்டு 36-ஐ அழிக்கட்டுமா?' பேஷாக அழி. அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினேன்.

நவராத்திரிக்குத் திருச்சியிலிருந்து அக்கா போன் செய்தாள். "டேய், கொலு வெச்சாச்சு. அம்மா பாட்டைப் போடேன், கேக்கறேன்."

அம்மா பாட்டு என்பது 1988 கொலுவில் மாமாவின் டேப் ரிக்கார்டரில் பதிந்தது. நாலு நிமிஷம். நடுவில் குக்கர் மூன்று தரம் விசிலடிக்கும். அம்மா பாட்டை நிறுத்தி, "அடுப்பை அணைடா!" என்று என்னை விரட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து சுருதி பிசகாமல் தொடர்வாள். 2009-ல் போய்விட்டாள். அவள் குரல் என்று எங்களிடம் இருப்பது அந்த நாலு நிமிஷம்தான். 2011-ல் நான்தான் அதைக் கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். என்ன பெயர் வைத்தேன் என்பதை இந்நேரம் ஊகித்திருப்பீர்கள்.

கேசட்? பூஞ்சை பிடித்து, டேப் ரிக்கார்டர் அதை நூடுல்ஸாகத் துப்பி வருஷங்களாகிவிட்டன. நெட்டில் காப்பி? இருந்தது. ஆனால் அது 'ஸின்க்' சமாசாரம். இங்கே அழித்தால் அங்கேயும் அழித்துவிடும் விசுவாசமான வேலைக்காரன். அழித்த ஃபைலை மீட்கும் ஸாஃப்ட்வேர்? மேலே வேறு எதுவும் எழுதாத வரைதான் மீட்க முடியும். நாலு மாசத்தில் அந்த இடத்தில் புதுப் படப் பாட்டுகள் குடியேறிவிட்டன.

மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. நாலாம் நாள் அக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "2012-ல ஸிடியில போட்டுக் குடுத்தியே, அது பீரோல பட்டுப்புடவைக்கு நடுவுல இருக்கு. லேப்டாப்ல ஸிடி போட வழியில்ல, அதான் உன்னைக் கேட்டேன்" என்றாள்.

ராத்திரி பஸ்ஸிலேயே கிளம்பினேன், மடியில் ஒரு ஸிடி டிரைவுடன். பாடியது! நாமே பதியும் ஸிடிக்கு வெயிலும் வெப்பமும் எமன். பட்டுப்புடவைக்கு நடுவே அது இருட்டில் பத்திரமாக இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் எனக்கு வந்த ஞானத்தைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பெயர் வையுங்கள். எம்பி-3 ஃபைலுக்குள்ளேயே பாட்டு, பாடியவர், வருஷம் எழுத இடம் உண்டு. ஐடி-3 என்று பெயர். 1996-ல் வந்தபோது தலைப்புக்கு 30 எழுத்துதான் ரேஷன். பிறகு வந்த பதிப்புகளில் தாராளமாகத் தமிழிலேயே எழுதலாம். 'எம்பி-3 டேக்' மாதிரி புரோகிராம்கள் ஒரே மூச்சில் நூறு பாட்டுக்கு நாமகரணம் செய்துவிடும்.

டூப்ளிகேட்டை உள்ளடக்கத்தை வைத்துத் தேடுங்கள். பெயரை நம்பி அழிப்பது, தெருவில் இருக்கிற எல்லா சுரேஷையும் ஒரே ஆள் என்று நினைக்கிற மாதிரி.

சினிமாப் பாட்டு போனால் மறுபடி கிடைக்கும். திரும்பக் கிடைக்காததை 'ஃப்ளாக்' வடிவத்தில் வையுங்கள். எம்பி-3 இடத்தை மிச்சப்படுத்த, காதுக்குத் தெரியாது என்று நினைக்கும் ஒலிகளைக் கழித்துவிடும். ஃப்ளாக் எதையும் கழிக்காமல் மடித்து மட்டும் வைக்கும்.

கடைசியாக, மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு வகை சாதனங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில். எல்லாம் ஒரே மேஜையில் இருந்தால், திருடனுக்கும் வெள்ளத்துக்கும் வேலை சுலபம்.

எங்கள் மூன்றாவது பிரதி இன்னமும் அக்கா பீரோவில்தான். வருஷா வருஷம் நவராத்திரி முதல் நாள் மூன்றையும் போட்டுக் கேட்டுச் சரிபார்க்கிறோம். மூன்றாவது விசில் வந்ததும், "அடுப்பை அணைடா!"

நான் எழுந்து போய் ஒரு தரம் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.