கண் மஞ்சளாகாத செங்கண்மாரி

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு வரையிலான கரையோரத்தில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவருக்கு முதல் கண்டம் ‘மெடிக்கல்’. அங்கே எடுக்கும் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி, சி வைரசுகளையும் தேடுவார்கள். இருந்தால் ‘அன்ஃபிட்’. காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, வயலிலும் கடலிலும் நாள் முழுக்கப் பாடுபடுகிற உடம்பு. ஆனாலும் பயணம் நின்றுவிடும். தன் ஈரலுக்குள் இப்படியொன்று குடியிருப்பதை அந்த முடிவுத் துண்டைப் பார்த்த பிறகே அறிகிறவர்கள் உண்டு.

ஊர் அறிந்த செங்கண்மாரி வேறு. கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும், சோற்றைக் கண்டாலே குமட்டும். பெரும்பாலும் அது ஹெபடைட்டிஸ் ஏ. மலக்கழிவு கலந்த தண்ணீராலும் உணவாலும் பரவுவது. 2007இல் கம்பளையில் பரவியது. 2009இல் வவுனியா மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாம்களின் நெரிசலிலும் பரவியது. ஆனால் ஏ வைரசு உடம்பில் தங்குவதில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ பெரும்பாலோரின் உடம்பே அதைத் துடைத்துவிடும், மறுபடி வராது. கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரில் குடித்தவரும் தேறுவார், குடிக்காதவரும் தேறுவார். அந்தச் செடியின் புகழில் பெரும்பங்கு இப்படிச் சேர்ந்ததுதான்.

அதைச் சும்மா நம்பாமல் சோதித்துப் பார்த்தவர்களும் தமிழர்களே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி நீங்காமல் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு 30 நாள் கீழ்க்காய்நெல்லித் தூளும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலித் தூளும் கொடுத்தார்கள். முடிவு 1988இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேருக்கு வைரசின் மேலுறைப் புரதம் இரத்தத்தில் காணாமற்போயிருந்தது. மற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும். கட்டுரையில் பெயர் சேர்த்தவர்களுள் பாரூக் புளூம்பெர்க்கும் ஒருவர். அந்தப் புரதத்தை 1960களில் கண்டுபிடித்து, அதற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அவர் பிறந்த ஜூலை 28தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினம்.

எவ்வளவு பெரிய நம்பிக்கை! ஆனால் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்த விடை திரும்ப வரவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்ட 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், பலன் உண்டென்று சொல்லப் போதிய சான்றில்லை என்றது. சென்னைக் குழு செய்தது நேர்மையான விஞ்ஞானம். அந்தக் கதையின் முதல் பாதியை மட்டும் விளம்பரமாக்குவதுதான் ஆபத்து.

ஏனெனில் பி வைரசு லேசில் விடாது. ஈரல் கலத்தின் கருவுக்குள் தன் மரபுப் பொருளை ஒரு வளையமாக்கிப் பதுக்கிவைக்கும். இன்றைய மாத்திரைகளும் அதை அடக்குகின்றன, வேரோடு எடுப்பதில்லை. பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் ஐந்துக்கும் குறைவு. பல்லாண்டு சத்தமின்றி இருந்து, ஈரல் இறுகிய பின்னோ புற்றுநோயான பின்னோதான் வெளியே தெரியும். உலகில் சுமார் 25 கோடிப் பேர் இதைச் சுமக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் நோய்களால் 2022இல் இறந்தவர்கள் 13 இலட்சம். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பி வைரசே என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இலங்கையில் குழந்தைகளுக்கான பி தடுப்பூசி 2003இல் தொடங்கியது. இன்று இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிறார்கள். 2003க்கு முன் பிறந்து இன்று மெடிக்கலுக்கு நிற்கும் பலருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைத்ததில்லை.

‘அன்ஃபிட்’ ஆனவரை ஊர் ஒதுக்கத் தேவையில்லை. ஒரே சஹன் தட்டில் உண்பதால், கைகுலுக்குவதால், கட்டியணைப்பதால் பி பரவாது. இரத்தமும் உடலுறவும் பிரசவமும்தான் அதன் வழி. ஆகவே சவர பிளேடையும் பல் தூரிகையையும் பகிரக்கூடாது. சி வைரசென்றால் பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வார மாத்திரையில் முற்றாகக் குணமாகும். பி வைரசென்றால் வைரசின் அளவையும் ஈரலின் நிலையையும் பார்த்து, மருந்து இப்போதே வேண்டுமா, கண்காணிப்புப் போதுமா என்று வைத்தியர் முடிவெடுப்பார். மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லோரும் இரத்தம் சோதித்துக்கொள்ள வேண்டும். தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லாதவர்களுக்கு மூன்று ஊசிகள் போதும்.