விளையும் பயிருக்கு வேளையறிந்து நீர்

ஒடிசா மாநிலத்தின் சுந்தர்கட் மாவட்டத்துச் சிற்றூர்களில் ஹாக்கிப் போட்டி என்பது ஓர் ஊர்த் திருவிழா. வெல்லும் அணிக்கு ஆடு பரிசாகக் கிடைக்கும். மூங்கிலை மட்டையாக்கிக்கொண்டு ஆடத் தொடங்கும் சிறுவர்கள் அங்கே ஏராளம். அம்மாவட்டத்தின் சௌனாமாரா என்ற ஒரே ஊரிலிருந்து, மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடிய திலீப் திர்க்கியும், டோக்கியோவிலும் பாரிசிலும் வெண்கலம் வென்ற அணிகளில் இடம்பெற்ற அமித் ரோஹிதாசும் வந்துள்ளனர்.

ஊரில் திறமை என்றும் இருந்தது. அதைத் தாங்கிப் பிடித்தது, 1985-இல் ரூர்கேலாவை அடுத்த பான்போஷில் தொடங்கப்பட்ட விளையாட்டு விடுதி. உணவு, உறைவிடம், பள்ளிப்படிப்பு, பயிற்சி ஆகிய நான்கும் அங்கே ஒருசேரக் கிடைத்தன. இவ்விருவரும் அவ்விடுதியில் உருவானவர்களே. தேசிய ஹாக்கி அணிகளுக்கு ஒடிசா அரசு புரவலரானது 2018-இல்தான். நாடறிந்த அந்த ஆதரவுக்கு 33 ஆண்டுகள் முன்பே சிறுவர்களின் உணவுக்கும் படிப்புக்கும் வழி செய்யப்பட்டிருந்தது.

கலைக்கும் இது பொருந்தும். கதகளி நலிந்துவந்த காலத்தில், கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனன் லாட்டரிச் சீட்டு நடத்தி நிதி திரட்டி, 1930-இல் கேரள கலாமண்டலத்தை நிறுவினார். பல ஆண்டுகள் இடைவிடாது பயின்றாலன்றிக் கைவராத கலைக்கு, இடைவிடாத பொருளுதவியும் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இடர் நேரும் பருவம்

கிளைகளில் பணிபுரியும் எங்களுக்குப் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. தேர்வுப் போட்டிக்கோ அரங்கேற்றத்துக்கோ இரண்டொரு வாரமே இருக்கும்போது, பெற்றோர் நகையுடன் கடன் கேட்டு வருவார்கள். செலவு திடீரென வந்ததன்று. பயிற்சிக் கட்டணம், காலணி, இசைக்கருவி, சத்துணவு, பயணம் என்று மாதந்தோறும் வளர்ந்து வந்ததுதான். பெருந்திறமையைக் கண்டு பரிசளிக்கப் பலர் முன்வருவர். பரிசுக்கு முந்தைய ஆண்டுகளைத் தாங்குபவர் பெரும்பாலும் பெற்றோர் மட்டுமே. பல பிள்ளைகள் ஆடுகளத்தையும் கலையையும் விட்டு விலகுவது அந்த ஆண்டுகளில்தான்.

கிடைக்கும் உதவிகள்

கேலோ இந்தியா திட்டத்தில் தேர்ந்தெடுக்கப்படும் இளம் வீரர்களுக்குக் கைச்செலவுப் படியாக மாதம் 10,000 ரூபாய் என்ற கணக்கில் வங்கிக் கணக்கிலேயே நேரடியாக வரவு வைக்கப்படுகிறது. நடனம், இசை, நாடகம், ஓவியம் முதலியவற்றில் திறமை காட்டும் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் உதவித்தொகை வழங்குகிறது. 18 முதல் 25 வயதுக் கலைஞர்களுக்கு, மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் உதவி கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் வயது எல்லை உண்டு. காலம் தவறினால் திறமை இருந்தும் பயனில்லை. எனவே விண்ணப்ப அறிவிப்புகளை ஆண்டுதோறும் கவனித்து வாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிள்ளையின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். 10 வயது நிறைந்த பிள்ளை, வங்கி வகுத்த வரம்புக்குள் தன் கணக்கைத் தானே இயக்க ரிசர்வ் வங்கி அனுமதித்துள்ளது. உதவித்தொகை வரும் நாளில் கணக்குத் தேடி அலைய நேராது.

இரண்டாவதாக, பயிற்சிக்கென ஒரு தொடர் வைப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய் செலுத்தினால் ஐந்தாண்டுகளில் அசல் மட்டுமே 60,000 ரூபாயாகும், வட்டி தனி. பிள்ளை பின்னாளில் வேறு துறையை நாடினாலும் அத்தொகை கல்லூரிப் படிப்புக்கு உதவும். இவ்வாறு செய்தால், "உனக்காக இவ்வளவு செலவழித்தோமே" என்ற சொல்லைப் பிள்ளை கேட்க நேராது.

மூன்றாவதாக, பலரும் மறப்பது ஒன்று உண்டு. 18 வயது நிறைந்ததும் காப்பாளர் இயக்கி வந்த கணக்கில் அவர் உரிமை முடிவடைகிறது. பிள்ளை நேரில் வந்து புதிய கையொப்பத்தையும் அடையாள ஆவணங்களையும் அளிக்க வேண்டும். இளையோர் பிரிவிலிருந்து மூத்தோர் பிரிவுக்குச் செல்லும் வயதும் ஏறத்தாழ அதுவே. வெளியூர்ப் பயிற்சி முகாமில் இருக்கும்போது கணக்கு முடங்கினால் அல்லல் மிகும். ஆதலால் பிறந்தநாளை ஒட்டியே கிளைக்கு வந்து இதை முடித்துவிடுவது நன்று.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். சௌனாமாராவின் முளைகளைக் கண்டவர்கள் பலர் இருந்திருப்பர். அவை பயிராகி விளைந்தது, விடுதி ஒன்று நாள்தோறும் சோறிட்டுப் படிக்கவும் வைத்ததால். உங்கள் வீட்டு முளைக்கும் இன்றைய நீரை இன்றே வார்த்திடுங்கள். கணக்குத் தொடங்கவும் திட்டமிடவும் கிளைகளில் நாங்கள் துணையிருப்போம்.